வட ரஷ்யாவில் நான்கு நாள் சும்மா இருக்க ஓர் ஆற்றங்கரை ஊர்: தோத்மாவா, உஸ்த்யுகா?

கூழாங்கல்

எல்லோருக்கும் வணக்கம். தம்பி மாஸ்கோவில் மருத்துவம் படிக்கிறான். செப்டம்பர் நடுவில் அவனைப் பார்க்கப் போகிறேன். செஞ்சதுக்கம், பீட்டர்ஸ்பர்க் எல்லாம் போன முறையே சுற்றியாயிற்று. இந்தத் தடவை அவனுக்கு வகுப்பு இருக்கும் நாட்களில் நான் மட்டும் வடக்கே எங்காவது போய் வரலாம் என்று ஆசை. காடு, ஆறு, மரவீடுகள், கூட்டமில்லாத தெரு. அவ்வளவுதான் வேண்டும். வரைபடத்தில் சுகோனா ஆற்றோரம் தோத்மா என்று ஓர் ஊர் கண்ணில் பட்டது. வெலிக்கி உஸ்த்யுக் என்று இன்னொன்றும் அதே ஆற்றில் கீழே இருக்கிறது. எது நல்லது?

ரஷ்ய எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், பேச வராது. அசைவம் சாப்பிடுவதில்லை. திட்ட வேண்டுமென்றால் இப்போதே திட்டிவிடுங்கள்.

சுக்குக்காப்பி

திட்டவில்லை அக்கா. ஆனால் சும்மா இருப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? போர் நடக்கிற நாடு வேறு. விமானநிலையத்தைத் திடீரென்று சில மணி நேரம் மூடுகிறார்கள், கைபேசி இணையத்தை நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம்

அந்தக் கவலை நியாயமானதுதான், முடிவு அவர் கையில். நான் வழியை மட்டும் சொல்கிறேன்.

தோத்மாவுக்கு ரயில் கிடையாது. ஊரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரியே பாதி போதும். மாஸ்கோ யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்தில் இரவு வண்டி ஏறினால் காலையில் வொலக்தா. ஆர்க்காங்கெல்ஸ்க், வொர்க்குத்தா போகிற வண்டிகளும் அந்த வழிதான். பேருந்து நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், சுமார் நான்கு மணி நேரம், இரு பக்கமும் காடு. உஸ்த்யுக் என்றால் அதே சாலையில் இன்னும் அதே அளவு தூரம் போக வேண்டும், அல்லது ரயிலில் கோத்லாஸ் போய் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் திரும்பி வர வேண்டும்.

டிக்கெட்டைத் தம்பியை எடுக்கச் சொல்லுங்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்யாது. ரூபிள் நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசா இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து உண்டு. முதலில் 16 நாள் தங்கலாம் என்றிருந்தது, பிறகு 30 நாளாக்கினார்கள். எடுக்கும் அன்றைக்கு என்ன விதி என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்புறம், தங்கும் இடத்தில் உங்கள் பெயரைப் பதிந்து சீட்டுக் கொடுப்பார்கள். அதைத் தொலைக்காதீர்கள்.

உறைபனி டாக்டர்

ஆர்க்காங்கெல்ஸ்கில் நான்காம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. உஸ்த்யுக்குக்கு ஒரு டிசம்பரில் போனேன். அதைச் செய்யாதீர்கள். தேத் மரோஸ், அதாவது இவர்களுடைய பனித்தாத்தா, அங்கேதான் குடியிருக்கிறார் என்று 1998இல் அறிவித்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் காட்டுக்குள் அவருக்குப் பெரிய மரமாளிகை. டிசம்பர், ஜனவரியில் சிறப்பு ரயில், பேருந்து, குழந்தைகள் கூச்சல். செப்டம்பரில் அந்தத் தொல்லை இராது, ஆனாலும் ஊரே அவரை வைத்துத்தான் கடை நடத்துகிறது.

ஆனால் ஊர் அழகு. யூக் ஆறு வந்து சுகோனாவில் கலக்கிற இடம். உஸ்த்யே என்றால் முகத்துவாரம், யூக்கின் முகம்தான் உஸ்த்யுக். இரண்டும் சேர்ந்து வட திவினாவாகி வெள்ளைக் கடல் நோக்கிப் போகும். கரையோரம் வரிசையாக வெள்ளைத் தேவாலயங்கள். வெள்ளியில் கறுப்பு வேலைப்பாடு செய்வார்கள், முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய தொழில் என்கிறார்கள். ஒரு கரண்டி விலை கேட்டுவிட்டுக் கும்பிட்டு வெளியே வந்தேன்.

ஏப்ரல் கடைசியிலும் வேண்டாம். இந்த ஆறுகள் வடக்கு நோக்கி ஓடுகிறவை. தெற்கே இருக்கும் மேல்பகுதி முதலில் உருகிவிடும், கீழே இன்னும் கட்டியாக இருக்கும். உடைந்து வரும் பனிப்பாளங்கள் போய் அங்கே முட்டி அணை மாதிரி நிற்கும், தண்ணீர் ஊருக்குள் ஏறும். 1998லும் 2016லும் உஸ்த்யுக்கில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம்.

சுக்குக்காப்பி

வடக்கே ஓடுகிற ஆறு, உருகுகிற வரிசையே தலைகீழ். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாருமே சொல்லவில்லை.

தண்டவாளம்

இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். சுகோனா வசந்தத்தில் சில நாள் பின்னோக்கி ஓடும்! அது குபென்ஸ்கோயே ஏரியிலிருந்து கிளம்புகிற ஆறு. கொஞ்சம் கீழே வொலக்தா ஆறும் லேஷா ஆறும் வந்து சேர்கின்றன. அவை இரண்டும் ஒரே நேரத்தில் பெருகினால் மேல் சுகோனா தாங்காமல் வந்த வழியே ஏரிக்குத் திரும்பிவிடும்.

வடதிசை

இந்த இழையைத் தாமதமாகப் பார்த்தேன். எண்பதுகளில் மாஸ்கோவில் படித்தவன் நான். அப்போது வெளிநாட்டு மாணவன் நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். தோத்மா என்று கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், என்னிடம் பதில் இராது. கடைசியில் 2000க்குப் பிறகுதான் போனேன், இரண்டு முறை.

கூழாங்கல், தோத்மாவுக்குப் போம்மா. உஸ்த்யுக் பெரிய ஊர், முப்பதாயிரம் பேர். தோத்மாவில் பத்தாயிரம் பேர்தான். அந்தப் பத்தாயிரம் பேர் ஊரின் சின்னம் என்ன தெரியுமா? தங்க நிறப் பின்னணியில் ஒரு கருநரி. நரி அங்கே காட்டில் பிடித்ததாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன், இல்லை. 1741இல் ரஷ்யக் கடற்படையில் இருந்த பேரிங் என்ற கடலோடியின் கப்பல் அலாஸ்கா பக்கம் போய், கரை ஒதுங்கி, மிஞ்சியவர்கள் அடுத்த வருடம் கடல்நீர்நாய்த் தோலோடு திரும்பினார்கள். அந்தத் தோலுக்குச் சீனர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், கடலே பார்த்திராத தோத்மா வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து பணம் போட்டு, சைபீரியா முழுக்கக் கடந்து, பசிபிக் கரையில் கப்பல் கட்டி அலூஷியன் தீவுகளுக்குப் போனார்கள். நீர்நாயும் கருநரியும் கொண்டுவந்தார்கள். 1780இல் ஊருக்குச் சின்னம் கொடுத்தபோது நரியையே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பணத்தில் எழுந்தவைதான் கோயில்கள். எல்லாம் ஒல்லியாக, உயரமாக, ஆற்றிலிருந்து பார்த்தால் பாய் விரித்த கப்பல் மாதிரி நிற்கும். சுவரில் செங்கல்லையே வெளியே புடைக்க வைத்துப் பூங்கொடி மாதிரி சட்டங்கள் வரைந்திருப்பார்கள், கார்த்தூஷ் என்பார்கள். பழைய கடல் வரைபடங்களின் மூலையில் அலங்காரச் சட்டம் போட்டுத் தலைப்பு எழுதியிருப்பார்களே, அதைப் பார்த்த கண்ணுக்கு உடனே அதுதான் தோன்றும். செங்கல் அடுக்கிய கொத்தனாரின் கையை நினைத்துக்கொண்டே நின்றேன்.

சுக்குக்காப்பி

ஐயா, ஒரு சந்தேகம். இவ்வளவு பணம் புரண்ட ஊர் பிறகு எப்படி அமைதியான ஊரானது? பீட்டர் மன்னர் பீட்டர்ஸ்பர்க் கட்டினதும் ஆர்க்காங்கெல்ஸ்க் வழி செத்துவிட்டது, அதனால் இந்த ஊர்களெல்லாம் தூங்கிவிட்டன என்று எங்கேயோ படித்தேன். ஆனால் நீங்கள் சொல்லும் கோயில்கள் அதற்கு அப்புறம் வந்தவை போல் இருக்கிறதே?

வடதிசை

சரியாகப் பிடித்தாய் தம்பி. அந்தக் கதையை நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு.

1553இல் ஆங்கிலேயக் கப்பல் ஒன்று, சான்சலர் என்பவருடையது, வெள்ளைக் கடலுக்குள் வந்தது. அதிலிருந்து நூற்றைம்பது வருடம் ரஷ்யா மேற்கு ஐரோப்பாவோடு கடல் வியாபாரம் செய்த வாசல் பெரும்பாலும் இதுதான். மாஸ்கோவிலிருந்து வொலக்தா வரை வண்டி, அங்கிருந்து சுகோனாவில் படகு, திவினாவில் இறங்கி ஆர்க்காங்கெல்ஸ்க். தோத்மா அந்தப் பாதையில் ஒரு நிறுத்தம். ஊருக்குச் சொந்தமாக உப்பும் இருந்தது. கடல் உப்பு இல்லை. மரக்குழாயை ஆழமாகப் பூமிக்குள் இறக்கி உவர்நீர் எடுத்து, பெரிய இரும்புத் தட்டில் விறகு வைத்துக் காய்ச்சுவார்கள்.

1703இல் பீட்டர்ஸ்பர்க் வந்தது, பீட்டர் ஆர்க்காங்கெல்ஸ்க் வியாபாரத்தை வேண்டுமென்றே நெரித்தார், அதெல்லாம் உண்மை. ஆனால் தோத்மாக்காரர்கள் அதோடு படுத்துவிடவில்லை, முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார்கள். கடலோடிகள் அருங்காட்சியகம் இருக்கும் கோயில், கிறிஸ்து எருசலேமுக்குள் நுழைந்த நாளின் பெயரில் உள்ளது, பானவ் என்ற அண்ணன் தம்பி இருவர் பணத்தில் 1774இல் தொடங்கியது. பீட்டர் செத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு!

உண்மையான அடி 1799. அலாஸ்கா, அலூஷியன் பக்கத்து வியாபாரம் முழுவதற்கும் ரஷ்ய அமெரிக்கக் கம்பெனி என்ற ஒரே கம்பெனிக்கு ஏகபோக உரிமை கொடுத்துவிட்டார்கள். சின்னச் சின்னக் கூட்டு வியாபாரிகளுக்கு வேலை இல்லை. அதன் பிறகு வந்தது ரயில். 1872இல் வொலக்தாவுக்கு, 1898இல் அங்கிருந்து ஆர்க்காங்கெல்ஸ்குக்கு. இரண்டும் தோத்மாவைத் தொடவில்லை. பாதை நகர்ந்தது, ஊர் நின்ற இடத்திலேயே நின்றது. நாம் இப்போது போய் ‘ஆகா என்ன அமைதி’ என்று மூச்சு விடுவது அந்த நஷ்டத்தைத்தான்.

உறைபனி டாக்டர்

அப்படியென்றால் கார்கோபலும் அதே கதைதான் ஐயா. எங்கள் பக்கம், ஒனேகா ஆறு லாச்சா ஏரியிலிருந்து கிளம்புகிற இடத்தில். அங்கேயும் ரயில் இல்லை, நியாந்தோமாவில் இறங்கி எண்பது கிலோமீட்டர். 1562இல் கட்டிய வெள்ளைக்கல் பேராலயம். களிமண் பொம்மை செய்வார்கள், பாதி மனிதன் பாதி குதிரையாகப் பொல்கான் என்று ஒருவர் தாடியோடு நிற்பார், என் மேசை மேல் இருக்கிறார். ரஷ்ய அமெரிக்காவின், அதாவது அலாஸ்கா பக்கம் ரஷ்யா வைத்திருந்த குடியேற்றங்களின், முதல் ஆளுநர் பரானவ் கார்கோபல்காரர்.

வடதிசை

அந்தப் பரானவுக்கு வலக்கையாக இருந்தவர் குஸ்கோவ், தோத்மாக்காரர். 1812இல் கலிஃபோர்னியாவில் ஃபோர்ட் ராஸ் கோட்டையை நிறுவியவர் அவர்தான். அலாஸ்காவில் சோறு விளையாது, தெற்கே போய்க் கோதுமை போட இடம் பிடி என்று அனுப்பினார்கள். பத்து வருடம் அங்கே அதிகாரியாக இருந்துவிட்டு 1822இல் கிளம்பி, ஊர் வந்து சேர்ந்து, 1823இல் தோத்மாவிலேயே செத்துப்போனார். கோட்டையை 1841இல் சட்டர் என்பவருக்கு விற்றுவிட்டார்கள். ஏழு வருடம் கழித்துத் தங்கம் கிடைத்ததும் அதே சட்டருடைய மரஅறுவை ஆலையில்தான்.

இரண்டு ஊருமே கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, காட்டுக்குள். அமெரிக்கக் கரையை ஆண்ட இரண்டு பேரும் அங்கிருந்து போனவர்கள். இதை நினைத்தாலே எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

கூழாங்கல்

ஐயா, முடிவு செய்துவிட்டேன், தோத்மா. சாப்பாட்டுக்கு என்ன வழி?

உறைபனி டாக்டர்

நான் மூன்று வருடமாகச் சாகாமல் இருக்கிறேன் அக்கா, கவலை வேண்டாம். கிரேச்கா என்று ஒரு தானியச் சோறு எங்கேயும் கிடைக்கும். கலீத்கா என்று கம்பு ரொட்டி மாதிரி கறுப்பான ரை மாவில் கிண்ணம் போல மடித்து, நடுவில் உருளைக்கிழங்கு வைத்துச் சுடுவார்கள். முட்டைக்கோஸ் உள்ளே வைத்துச் சுட்ட பிரோக், காளான். ‘பொஸ்த்னொயெ’ இருக்கிறதா என்று கேளுங்கள், விரத உணவு என்று அர்த்தம், இறைச்சி, பால், முட்டை எதுவும் இராது. வெஜிடேரியன் என்றால் சில பாட்டிகள் கோழி கொண்டுவருவார்கள். ஆனால் விரதம் என்றால் கேள்வியே கேட்க மாட்டார்கள். வொலக்தா வெண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், பாலேட்டை நன்றாகச் சூடேற்றிச் செய்வதால் கொட்டைப் பருப்பு வாசனை வரும்.

காட்டுக்குள் போனால் கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். வொலக்தா பக்கம் உண்ணிக் கடியால் மூளைக்காய்ச்சல் வரும், விளையாட்டில்லை. செப்டம்பரில் குறைந்திருக்கும், முழுக்கப் போயிருக்காது. கொசு ஜூன், ஜூலையில்தான் ராஜ்யம்.

தண்டவாளம்

வெப்பமூட்டி பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாள் சராசரி ஐந்து நாள் தொடர்ந்து 8 டிகிரிக்குக் கீழே போனால்தான் பொது வெப்பமூட்டலைத் திறப்பார்கள். செப்டம்பர் நடுவில் வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர்.

சுக்குக்காப்பி

சும்மா இருப்பதற்கு இவ்வளவு தயாரிப்பு!

கூழாங்கல்

(மூன்று மாதம் கழித்து)

போய்வந்துவிட்டேன். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டே போய்விட்டேன், மன்னிக்கவும்.

வொலக்தாவில் இறங்கியபோது மழை. பேருந்தில் என்னைத் தவிர எல்லோர் கையிலும் வாளியோ கூடையோ இருந்தது. காட்டுக்குள் ஊரே இல்லாத நிறுத்தங்களில் இரண்டு பேர் மூன்று பேராக இறங்கிக்கொண்டார்கள். காளான், கவ்பெர்ரிப் பழம் பொறுக்கப் போகிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. நான்கு மணி நேரத்தில் பேருந்து பாதி காலி.

பதிந்து வைத்த அறை கிடைக்கவில்லை. இணையத்தில் பணம் வேண்டாம், வந்து கொடுங்கள் என்றிருந்த இடம், போனால் வெளிநாட்டவரைப் பதிய எங்களுக்கு வசதி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மழையில் பெட்டியோடு நின்றேன். தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவன் அவர்களிடம் பேசி, அவர்கள் இன்னோர் இடத்துக்குப் பேசி, அரை மணி நேரத்தில் மரவீடு ஒன்றில் மாடியறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் வேலையாக என் செருப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

வெப்பமூட்டி, தண்டவாளம் சொன்னபடியே, திறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் செங்கல் அடுப்பு இருந்தது. சாயங்காலம் விறகு போட்டால் விடியும்வரை சுவரே சூடாக இருக்கும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவள்தான், முதல் நாள் ஊர் பார்க்கவே இல்லை.

மறுநாள் வெயில். கோயிலை வடதிசை ஐயா சொன்னதால் முதலில் ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். காலை மூடுபனியில் கீழ்ப்பாதி தெரியவில்லை, மேல்பாதி மட்டும் நகர்வது போல இருந்தது. கிட்டே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பூச்சட்டங்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. உள்ளே அருங்காட்சியகத்தில் அலூஷியன் தீவுகளின் வரைபடம் முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்று, தோத்மாவிலிருந்து அங்கே வரை விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். விரல் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது. குஸ்கோவ் வீட்டையும் பார்த்தேன். அது சின்ன மரவீடு, சொன்னால்தான் தெரியும்.

ஆற்றங்கரை மேட்டில் ஒரு மனிதர் கோட்டோடு பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கிட்டே போனால் சிலை. ருப்த்சோவ் என்ற கவிஞராம். அநாதை விடுதியில் வளர்ந்தவர், இந்த ஊர் வனத்தொழிற்பள்ளியில் படித்தவர், 1971இல் முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். வீட்டுக்கார அம்மா அவருடைய கவிதை ஒன்றை அடுப்புக்கு முன்னால் நின்றபடி முழுவதும் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அவர் குரல் நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது நினைவிருக்கிறது.

பீட்டர் மன்னர் வந்து பார்த்துவிட்டு ‘இது நகரமில்லை, அது இருட்டு’ என்றாராம், ரஷ்ய மொழியில் ‘தோ த்மா’, அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டு, பொய் என்று அவரே சிரித்தார். 1137ஆம் வருடத்து ஆவணத்திலேயே தோஷ்மா என்று பெயர் இருக்கிறதாம். பீட்டர் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொல்லும் பாறையும் ஆற்றுக்குள் கீழே இருக்கிறதாம், லோஸ் என்று பெயர், கடமான் என்று அர்த்தம். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நான் போகவில்லை.

ஒன்றும் சொல்லாமல் விடக்கூடாது, அதனால் இதையும் சொல்கிறேன். மூன்றாம் நாள் மதியம் எனக்குச் சலித்தது. மத்தியத் தெருவைத் தாண்டினால் பாதி வீடுகளின் சன்னல் பலகை அடைத்திருக்கிறது. அழகான செதுக்கல் வேலை செய்த சன்னல்சட்டம், உள்ளே ஆள் இல்லை. இளவயதுக்காரர்களை அதிகம் காணோம். ஐயா எழுதியது அப்போதுதான் உறைத்தது. இங்கே எனக்கு விடுமுறை, அவர்களுக்கு இது பிழைப்பு. அந்த அம்மாவின் மகன் வொலக்தாவில் இருக்கிறான், மகள் மாஸ்கோவில்.

வடதிசை

நல்லா எழுதியிருக்கேம்மா. நான் போனபோது அந்தச் சன்னல்கள் சில திறந்திருந்தன.

சுக்குக்காப்பி

அக்கா, மொத்தம் நான்கு நாளில் சும்மா இருந்தது எத்தனை நாள்?

கூழாங்கல்

ஒன்றே கால் நாள். மீதியெல்லாம் அந்த அம்மா விடவில்லை. கடைசி நாள் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, அவருடைய பழைய ரப்பர் பூட்ஸை மாட்டிவிட்டுக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ரீஷிக் என்று ஆரஞ்சு நிறக் காளான். நான் பறித்ததில் பாதியை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். மீதியை உப்புப் போட்டு ஒரு ஜாடியில் அடைத்துக் கொடுத்தார். தம்பி இரண்டே நாளில் தீர்த்துவிட்டான்.

தண்டவாளம்

உண்ணி?

கூழாங்கல்

ஒன்று. காலுறை மேல்தான். டாக்டர் தம்பிக்கு நன்றி.